நீலம் ஏன் குளிர்ந்தது?

அத்தியாயம் 6

மேஜை மேல் கிடந்த செல்போன் அதிர்ந்தது.

செத்துப்போனவனின் செல்போன்.

வாயில் வைத்த பூரெக் பலகாரத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தான் கோய்க்கோ. போன் தானாகவே நகர்ந்து நகர்ந்து போய்க் காப்பிக் கிண்ணத்தில் முட்டி நின்றது. திரையில் வெளிச்சம். 'வெலிமிர், உங்கள் பதிவுக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்.'

"பயப்படாதே தம்பி, போன வாரத்துலேர்ந்து இப்படித்தான். பகல் ராத்திரி கிடையாது" என்றாள் நெவேனா.

"பயமா? எனக்கா?" என்றான் கோய்க்கோ. குரல் ஒத்துழைக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த தெசாங்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதி வயசை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கழித்து, கள்ளக் கணக்குக் காட்டியவர்களையெல்லாம் அழவைத்துவிட்டு, இப்போது நோவி சாத் நகரில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். கோய்க்கோ அவளுடைய உதவியாளன். காரோட்டுவது, காப்பி வாங்குவது, கம்ப்யூட்டர் பார்ப்பது, கேட்காமலே பேசுவது நான்கும் அவன் பொறுப்பு. நான்காவதை மட்டும் குறைவில்லாமல் செய்வான்.

"முதல்லேர்ந்து சொல்லு நெவேனா" என்றாள் தெசாங்கா.

சொல்வதற்கு அதிகமில்லை. ஜனவரிக் கடைசியில் ஒருநாள் காலை, மீன் பிடிக்கப் போகிறேன் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான் அவள் கணவன் வெலிமிர். திரும்பவில்லை. கார் டான்யூப் ஆற்றங்கரையில் கிடைத்தது, தொப்பி தண்ணீரில் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. வசந்தத்தில் தண்ணீர் ஏறும்போது பெல்கிரேடு பக்கம் ஒதுங்குவார் என்று போலீஸ் சொல்லிவிட்டது. சொன்ன அதிகாரிக்கு நாக்கில் எலும்பில்லை, வேறென்ன.

நாளைக்கு நாற்பதாம் நாள். கோதுமையை வேகவைத்து, அக்ரூட்டும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து, மெழுகுவத்தி ஏற்றி ஆத்மாவை வழியனுப்ப வேண்டிய நாள். நெவேனா வாசலில் கறுப்புத் துணி கட்டவில்லை. ஒரு மரத்திலும் மரண அறிவிப்பு ஒட்டவில்லை. சமையலறையில் கோதுமைப் பை பிரிக்காமல் நின்றது.

காரணம், போன வாரம் வெலிமிரின் இணையதளத்தில் வந்த ஒரு புதிய பதிவு.

"செத்திருந்தா அதை யார் போட்டது? உயிரோட இருந்தா எனக்கு ஏன் ஒரு வார்த்தை எழுதல?" நெவேனா கையைப் பிசைந்தாள். "பணம் காசு, பழிக்குப் பழி எதுவும் எனக்கு வேண்டாம் அக்கா. நாளைக்கு நான் கோதுமை வேகவைக்கணுமா, வேண்டாமா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உயிரோட இருக்கறவருக்கு வேகவைச்சா பாவம். செத்தவருக்கு வைக்காம விட்டா அதைவிடப் பாவம்."

போன் மறுபடி அதிர்ந்தது. யார் யாரோ அவள் கணவனோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். அவளோடு மட்டும் அவன் பேசவில்லை.

"அவர் ரூமைக் காட்டு" என்றாள் தெசாங்கா.

வெலிமிரின் அறையைப் பார்க்காமலே கோய்க்கோவுக்குத் தெரியும். செர்பியா முழுக்கக் கம்ப்யூட்டர் வாங்குகிற எவனுக்கும் தெரியும். சந்தைக்கு எந்தப் புதிய பிராசசர், அதாவது கம்ப்யூட்டரின் மூளை, வந்தாலும் வெலிமிர் சொன்னால்தான் ஜனங்கள் பர்ஸைத் திறப்பார்கள். இரண்டு பிராசசர்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, விளையாட்டில் எது வேகம், வேலையில் எது வேகம், கொடுக்கிற காசுக்கு எது பெறும் என்று மூன்று கேள்வி கேட்பான். கடைசியில் ஒரே ஒரு வரியில் தீர்ப்பு.

அறைக்குள் காற்றே இல்லை. ஜன்னல் ஓரமெல்லாம் பழுப்பு டேப். கதவின் அடியில் சுருட்டிய போர்வை.

"இதுக்குத்தான் எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க," என்றாள் நெவேனா. "காத்துன்னா அவருக்கு ஆகாது. கழுத்துல லேசாப் பட்டாலே போச்சு, மூணு நாளைக்குத் திரும்ப முடியாதும்பார்."

இதில் கிண்டலுக்கு என்ன இருக்கிறது? கதவும் ஜன்னலும் எதிரெதிரே திறந்திருந்து காற்று ஊடே பாய்ந்தால் பல்வலியிலிருந்து பக்கவாதம்வரை எல்லாம் வரும் என்பதை எங்கள் ஊரில் டாக்டர்களே நம்புகிறார்கள். வெலிமிர் கொஞ்சம் அதிகமாக நம்பினான், அவ்வளவுதான். அதனால் அவன் சோதனைகளில் பிராசசர்களின் சூடு எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஒவ்வொரு பதிவின் அடியிலும் அவனே எழுதியிருப்பான்: 'என் அறையில் ஜன்னல் திறப்பதில்லை. ஐந்து டிகிரி கழித்துக்கொள்ளவும்.'

மேஜை மேல் இரண்டு செவ்வகங்கள் மட்டும் தூசியில்லாமல் இருந்தன.

"இங்க ரெண்டு கம்ப்யூட்டர் இருந்துச்சா?" தெசாங்கா கேட்டாள்.

"ஆமா அக்கா. சோதனை பண்றது. அன்னிக்குக் கார்ல ஏத்திட்டுப் போனார்."

"மீன் பிடிக்கவா?"

நெவேனா தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அதை யோசித்திருக்கிறாள் போலிருக்கிறது.

படிக்கட்டு இறங்கிக் காரில் ஏறியதும் தெசாங்கா சிகரெட் பற்றவைத்தாள். "அந்தப் பதிவைப் படி. எனக்குப் புரியற மாதிரி."

கோய்க்கோ தன் செல்போனை எடுத்தான். "பதிவுன்னா வெறும் அட்டவணைதான் மேடம். சிவப்புக் கட்சி பிராசசர் ஒண்ணு, நீலக் கட்சி பிராசசர் ஒண்ணு. தீர்ப்புன்னு போட்டுட்டுப் பக்கத்துல காலியா விட்டிருக்கு."

"கட்சியா?"

"ரெண்டு கம்பெனி மேடம். சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி. ஃபுட்பால்ல அடிச்சுக்கறது பத்தாதுன்னு இதுக்கும் அடிச்சுக்குவாங்க. வெலிமிர் சிவப்பு. நானும் சிவப்பு. எங்கம்மா எனக்கு வச்ச பேரை மாத்தினாலும் மாத்துவேன், இதை மாத்த மாட்டேன்."

"சரி. யார் ஜெயிச்சது?"

"அங்கதான் வயிறு எரியுது!" கோய்க்கோ ஸ்டீரிங்கில் குத்தினான். காரின் ஹாரன் பதறிக் கத்தியது. ரோட்டைக் கடந்துகொண்டிருந்த பாதிரியார் ஒருவர் நின்று முறைத்துவிட்டுப் போனார். "விளையாட்டுல சிவப்பு, பிரச்சனை இல்ல. வேலையில, அதாவது வீடியோ தயாரிக்கறது, பெரிய ஃபைலைச் சுருக்கறது மாதிரி, நீலம் ஜெயிச்சிருக்கு. சும்மா இல்ல, சட்டையக் கிழிச்சு அனுப்பியிருக்கு. காசுக்குப் பெறுமாங்கறதுலயும் நீலம். இது பித்தலாட்டம் மேடம்."

"ஏன், உன் கட்சி தோத்ததாலயா?"

"சூட்டைப் பாருங்க! நீலங்கறது பிராசசர் இல்ல மேடம், அடுப்பு. முட்டை பொரிக்கலாம். சூடு ஏறினா அதுவே பயந்து வேகத்தைக் குறைச்சுக்கும். அதைக் குளிர வைக்கணும்னா பெரிய கூலர் தனியா வாங்கணும், அந்தக் காசையும் சேத்தா சிவப்பே மலிவு. ஊருக்கே தெரிஞ்ச விஷயம். இங்க என்னடான்னா, விளையாட்டுல தொண்ணூத்தி மூணு டிகிரி கொதிச்ச நீலம், அதைவிடக் கடுமையான வேலையில எழுபது டிகிரியாம்! வெயில்ல ஓடறப்ப குளிரடிச்சுதுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

தெசாங்கா சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"சிவப்போட சூடு?"

"ஆரம்பத்துலேர்ந்து கடைசிவரை வழக்கம்போலத்தான். ஜன்னல் மூடின சூடு."

"எதை முதல்ல சோதிப்பார்?"

"சிவப்பு முதல்ல. அது முடிஞ்சதும் நீலம் தானா ஆரம்பிக்கும், விளையாட்டு, அப்புறம் வேலை. ஆளே வேண்டாம் மேடம். ஒரு தடவை ஓட்டிவிட்டா, முடிச்சுட்டு, எப்ப இண்டர்நெட் கிடைக்குதோ அப்ப அட்டவணையைத் தானே பதிவாப் போட்டுடும். வெலிமிர் அப்படிப் பழக்கி வச்சிருந்தார். தீர்ப்பு மட்டும் அவர் கையால எழுதணும்."

சொல்லி முடித்த பிறகுதான் கோய்க்கோவுக்கே புரிந்தது. எங்கேயோ ஒரு இயந்திரம், எஜமான் போன பிறகும் அவன் வேலையை முடித்து, தீர்ப்புக்காக இடம் விட்டுக் காத்துக்கொண்டிருக்கிறது.

"அப்ப நடுவுல ஜன்னல் திறந்திருக்கு," என்றாள் தெசாங்கா. "ஜனவரிக் குளிர் உள்ள வந்து நீலத்தைக் காப்பாத்தியிருக்கு. நம்ம ஆள் செத்தாலும் சாவார், ஜன்னலைத் திறக்க மாட்டார். ஆக, சோதனை நடந்த ரூம்ல இன்னொரு ஆள். காத்துக்குப் பயப்படாத ஆள்."

"நம்ம நாட்டுல அப்படி ஒரு ஆள் கிடையாதே மேடம். சுவீடன்காரனா இருக்குமோ?"

"அந்த நீலப் பிராசசரை இங்க எங்க வாங்கலாம்?"

"எங்கயும் முடியாது. கடைக்கே வரல." கோய்க்கோ நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஒருத்தன்கிட்ட இருக்கு. வெளியூர்லேர்ந்து வரவழைச்சேன்னு அவன் தளத்துல பீத்திக்கிட்டான். ஸ்லாவ்கோ! நீலக் கட்சித் தலைவன். ஆகஸ்ட் மாசப் போட்டோல கூட நீலச் சால்வையோட நிப்பான். அவனும் வெலிமிரும் பதினஞ்சு வருஷமா எழுத்துலயே வெட்டிக்கறாங்க. போன வருஷம்கூட 'உன்னைக் கொன்னாத்தான் நாடு உருப்படும்'னு எழுதினான்."

"வண்டியை எடு" என்றாள் தெசாங்கா.

ஸ்லாவ்கோவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மீன் சந்தைக்குப் பின்னால் இருந்தது. கோய்க்கோ கதவைத் திறந்து ஒரு காலைத்தான் உள்ளே வைத்தான்.

"கதவைச் சாத்துடா எருமை! பின்னாடி ஜன்னல் திறந்திருக்கு, காத்து ஊடே அடிக்குது!"

கத்தியவன் ஐம்பது வயது தாண்டியவன். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, கழுத்தில் சமையலறைத் துண்டு ஒன்றைச் சுற்றி, காதுவரை இழுத்து விட்டிருந்தான். கோய்க்கோவை இடித்துக்கொண்டு ஓடிக் கதவைச் சாத்தினான். பிறகு ஓடிப்போய்ப் பின்ஜன்னலைச் சாத்தினான். அப்புறம்தான் மூச்சு விட்டான்.

கோய்க்கோ தெசாங்காவின் காதில் குனிந்தான். "போச்சு மேடம். இவன் ஜன்னல் திறக்கற ஜாதியே இல்ல. வாங்க, சுவீடன்காரனைத் தேடுவோம்."

தெசாங்கா அசையவில்லை. அவள் கண் கடையின் மூலைக்குப் போயிருந்தது. மூலையில் போர்வை போட்டு மூடிய இரண்டு பெட்டிகள். உயிருள்ள எதையோ குளிருக்கு மூடினாற்போல் இருந்தது.

"சால்வை எங்கே, ஸ்லாவ்கோ?" என்றாள்.

"எந்தச் சால்வை?"

"நீலம்."

"தொலைஞ்சு போச்சு. நீங்க யாரு?"

"நெவேனா அனுப்பினா."

ஸ்லாவ்கோ நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான்.

தெசாங்கா அவன் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் குரலில் அதட்டல் இல்லை. அதட்டாமல் பேசும்போதுதான் அவளைக் கண்டு கோய்க்கோ பயப்படுவான்.

"எங்கப்பா செத்தப்ப நான் சின்னப் பொண்ணு. வெளியில பனி கொட்டுது. காத்து பட்டா குழந்தை செத்துரும்னு என்னை ஏழு கம்பளிக்குள்ள சுத்தி வச்சிருந்த எங்கம்மா, அவர் கண்ணை மூடினதும் முதல் காரியமா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தா. ஏன்னு உனக்குத் தெரியும்."

ஸ்லாவ்கோ கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டான்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா உன்னை மாதிரி ஒரு ஆள் ஜனவரியில எதுக்கு ஜன்னலைத் திறப்பான்னு தெரியும். ஆத்மா வெளிய போகணும்னா திறப்பான். வேற எதுக்கும் மாட்டான். நீலம் தொண்ணூத்தி மூணுலேர்ந்து எழுபதுக்கு இறங்கின இடத்துல வெலிமிர் செத்திருக்கான். சரியா?"

கோய்க்கோவின் கையிலிருந்த செல்போனில் அந்த அட்டவணை இன்னும் திறந்திருந்தது. ஆயிரக்கணக்கான பேர் படித்து, கைதட்டி, திட்டி, சண்டை போட்ட அட்டவணை. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒரு மனிதன் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. கோய்க்கோவும் பார்க்கவில்லை. தன் கட்சி தோற்றதற்கு வயிறு எரிந்தது மட்டும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

"நான் கொல்லல," என்றான் ஸ்லாவ்கோ. "சொன்னா யாரு நம்புவா?"

"நான் நம்பறேனான்னு பாரு. சொல்லு."

"அவன் என் சிநேகிதன். ஸ்கூல்லேர்ந்து. சண்டையெல்லாம் சும்மா. ஒருநாள் விளையாட்டா ஆரம்பிச்சோம், ஜனங்க கூட்டம் கூட்டமா வந்துச்சு, அப்புறம் நிறுத்த முடியல. நெவேனாவுக்குக்கூடச் சொல்லல. வருஷா வருஷம் பெரிய சோதனைய என் ஆத்தங்கரைக் குடிசையில வச்சுதான் ரெண்டு பேரும் சேந்து பண்ணுவோம். அங்க இண்டர்நெட் கிடையாது, பாக்க ஆள் கிடையாது. ரக்கியா சாராயம் குடிச்சுட்டு, சீட்டாடிட்டு..."

அவன் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்தான்.

"அன்னிக்கு நல்ல குளிர். விறகடுப்பைப் பத்த வச்சேன். கழுத்துல காத்து அடிக்குதுடா ஸ்லாவ்கோன்னு உயிரை எடுத்தான். சுவத்துல காத்து வந்துபோக ஒரு ஓட்டை உண்டு. நான்தான் கந்தலை வச்சு அடைச்சேன். 'இப்ப எப்படி?'ன்னேன். 'இப்பதான்டா சொர்க்கம்'னான். மீன் வாங்கப் பக்கத்துக் குடிசைக்குப் போனேன். அந்தக் கிழவன் பேசிப் பேசி நேரமாக்கிட்டான். திரும்பி வந்தா நாற்காலியில தூங்கற மாதிரி இருந்தான். கூப்பிட்டேன். தட்டினேன். அடுப்புலேர்ந்து வந்த விஷக்காத்து. வாசனைகூட இல்ல."

"அப்புறம் ஜன்னலைத் திறந்தே."

"திறந்தேன். நீலம் அப்பவும் ஓடிக்கிட்டிருந்துச்சு, ஃபேன் சத்தம் ஊளையிடற மாதிரி. ஜன்னலைத் திறந்ததும் அந்தச் சத்தம் மெல்ல மெல்ல அடங்குச்சு. அவன்தான் எழுந்து போறான்னு நெனச்சேன்."



"போலீஸுக்கு ஏன் போகல?" கோய்க்கோ கேட்டான். இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை.

"கொல்லுவேன்னு எழுதினது யாரு? நான். ஓட்டையை அடைச்சது யாரு? நான். பதினஞ்சு வருஷமா நாங்க எதிரின்னு ஊரே சாட்சி. காரைக் கரையில விட்டேன், தொப்பியத் தண்ணியில போட்டேன். அவனைத் தண்ணியில போட மனசு வரல. குடிசைப் பக்கத்து அக்ரூட் மரத்தடியில புதைச்சு வச்சிருக்கேன். மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் வந்தேன்." மூலையைக் காட்டினான். "போன வாரம், கடைசியா என்ன வந்துச்சுன்னு பாக்கணும்னு தோணிச்சு. இங்க கொண்டாந்து இண்டர்நெட் ஒயரைச் சொருகினேன். அடுத்த நிமிஷம் என் போன் அடிக்குது. 'வெலிமிர் புதிய பதிவு இட்டிருக்கிறார்.' என் கடையிலேர்ந்து அவன் பேசறான்! அன்னிலேர்ந்து நான் தூங்கல. தீர்ப்பு எங்க, தீர்ப்பு எங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. என்னைத்தான் கேக்கற மாதிரி இருக்கு."

தெசாங்கா எழுந்தாள். "போலீஸைக் கூப்பிடப் போறேன். நீ இருந்த இடத்தைக் கிழவன் சொல்லுவான், அடுப்பு மிச்சத்தைச் சொல்லும். ஓடிடாதே."

"எங்க ஓடறது? ஆனா ஒரு நிமிஷம் குடுங்க. அந்த அட்டவணை பொய். அதை நம்பி எவனாவது கூலர் இல்லாம நீலத்தை வாங்குவான். வெலிமிர் பேருல பொய் நிக்கக் கூடாது."

அவன் தன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். வெலிமிரின் பதிவுக்குக் கீழே, தன் சொந்தப் பெயரில், நீலக் கட்சித் தலைவன் இரண்டு விரலால் தட்டினான். கோய்க்கோ தோளுக்கு மேலாகப் படித்தான்.

'நீலத்தின் குளிர்ச்சி உண்மையில்லை. நடுவில் ஜன்னல் திறந்திருந்தது. சிவப்பே ஜெயித்தது. ஸ்லாவ்கோ.'

நெவேனாவுக்கு எப்படிச் சொல்வது என்று கோய்க்கோ வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். ஒன்றும் சரியாக வரவில்லை. போலீஸ் வந்து ஸ்லாவ்கோவை அழைத்துப் போகும்வரை கடையில் காத்திருந்ததில் மாலையாகிவிட்டது.

மூன்றாவது மாடி ஏறுவதற்குள்ளேயே வாசனை வந்துவிட்டது. கோதுமை வேகும் வாசனை.

கதவில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. திறந்த நெவேனாவின் கையில் கரண்டி. மேஜை மேல் செல்போன் திரும்பத் திரும்ப அதிர்ந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு யாரு..." என்று ஆரம்பித்தான் கோய்க்கோ.

"படிச்சேன் தம்பி. ஜன்னல் திறந்திருந்துச்சுன்னு போட்டிருந்துச்சு." அவள் குரல் நிதானமாக இருந்தது. "அவர் உயிரோட இருந்திருந்தா எழுந்து மூடியிருப்பார்."

தெசாங்கா அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். குடிசை, அடுப்பு, கந்தல், அக்ரூட் மரம். பதினைந்து வருஷத்துச் சண்டை பொய் என்பதையும் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு நெவேனா ஒன்று மட்டும் கேட்டாள்.

"அக்கா, அவ்வளவு குளிர்ல ஜன்னல் திறந்திருந்துச்சே. கழுத்து? கழுத்துல காத்து பட்டா அவர் தாங்க மாட்டாரே."

தெசாங்கா கோய்க்கோவைத் திரும்பிப் பார்த்தாள். கோய்க்கோவின் கண்முன் சமையலறைத் துண்டு சுற்றிய ஒரு கழுத்து வந்தது. தொலைஞ்சு போச்சு என்றானே. அந்தச் சால்வை எங்கே போயிருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"படலம்மா. அந்த ஆள் தன் சால்வையை அவர் கழுத்துல சுத்திவிட்டிருக்கான். அதோடதான் படுக்க வச்சிருக்கான்."

"என்ன கலரு?"

கோய்க்கோ தலையைச் சொறிந்தான். "நீலம்."

நெவேனா அவனையே பார்த்தாள். சட்டென்று சிரிப்பு வெடித்தது. "நீலமா? அவருக்கா? தெரிஞ்சா எழுந்து வந்து..." சிரிப்பு பாதியில் உடைந்தது. ஜனவரியிலிருந்து அடக்கி வைத்த அழுகை மொத்தமும் வந்தது. தெசாங்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அணைத்தாள்.

"நாளைக்கு ஒரு கிண்ணம் கோதுமையை அந்த ஆளுக்கும் கொண்டுபோய்க் குடு தம்பி. போலீஸ்ல இருந்தாலும் சரி."

பிறகு வெலிமிரின் அறைக்குள் போனாள். டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் முரண்டு பிடித்து, கிறீச்சிட்டு, திறந்தது. மார்ச் மாதக் குளிர்காற்று அந்த அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, திறந்திருந்த வாசல் கதவு வழியாகப் படிக்கட்டில் இறங்கியது.

காற்று கோய்க்கோவின் கழுத்தில் நேராக அடித்தது. அவன் கை தானாகக் கதவைச் சாத்தப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றான்.